நிரல் எழுதுவோனை எடைபோடும் விதம்

சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் சொல்லுவது நம் வர்த்தகர்களுக்குப் பரம்பரையாக வந்த வித்தை. பாக்கைக் கடித்த மாத்திரத்தில் அது புதிதா பழையதா என்று சொல்லிவிடுவார்கள். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அழுக்கும் குமிழும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் இக்காலத்தில் நியாலாஸ், ஜாசின் முதலிய ஊர்களின் கடைகளுக்குள்ளும் ஒரு புதிய சரக்கு நுழைந்திருக்கிறது. அது தராசில் ஏறாது; கையில் அகப்படாது. கணினி நிரல் என்பது அதன் பெயர்.

அதை எழுதித் தருகிறேன் என்று வருகிற வாலிபன் ஒரு தாளை நீட்டுகிறான். அதிலே சி, ஜாவா, பைத்தான் என்று ஐந்தாறு கணினி மொழிகளின் பெயர்கள். படிக்கும் காலத்தில் செய்த பல்லூடக வேலைகள் இரண்டு. தானே வழி பார்த்து ஓடும் ரோபோ வண்டி ஒன்று. முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சிலர் பெயர்களின் பகட்டில் மயங்கிக் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலரோ, "பொம்மை வண்டி ஓட்டியவனுக்கு என் கடைக் கணக்கு என்ன தெரியும்?" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வகையிலும் நஷ்டம் கடைக்கே வந்து சேருகிறது.

அந்த வாலிபன் பெரும்பாலும் தோட்டத்துத் தொழிலாளியின் மகனாகவோ, நம் கடைத்தெருவிலே வளர்ந்த பிள்ளையாகவோ இருப்பான் என்பதையும் மறந்துவிடலாகாது. மலாக்கா புக்கிட் பெருவாங்கில் 1996 இல் டெலிகோம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியதுதான் பிறகு மல்டிமீடியா பல்கலைக்கழகம் ஆயிற்று. டுரியான் துங்கலில் 2000 இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி 2007 இல் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிற்று. முன்னதன் பெயரிலேயே பல்லூடகம் இருக்கிறது. பின்னதில் யந்திரமும் மின்னணுவும் சேர்ந்த ரோபோக் கல்வி உண்டு. ஆகவே இத்தகைய தாளோடு நம் மாநிலத்திலே பிள்ளைகள் வருவது ஆச்சரியமான விஷயமன்று. அவர்களை நிறுத்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நிரல் என்றால் என்ன என்று பார்ப்போம். புதிதாக வேலைக்கு வந்த கடைப்பையனுக்கு ஒரு காரியத்தை விளக்குகிறோம். "அரிசி கேட்டால் எந்த அரிசி என்று கேள், சொன்னதும் நிறு, பற்றா ரொக்கமா என்று கேள், பற்று என்றால் ஏட்டில் எழுது" என்கிறோம். பையனுக்குச் சுயபுத்தி உண்டு. நாம் சொல்லாமல் விட்டதை ஊகித்துக்கொள்ளுவான். கணினிக்கு அந்த ஊகம் கிடையாது. சொன்னதை மட்டும், சொன்ன வரிசையில், களைப்பில்லாமல் செய்யும். ஆகையால் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் படிப்படியாக எழுதிவைக்க வேண்டும். அந்த எழுத்துத்தான் நிரல்.

இப்படிப் படிப்படியாகக் கணக்கைத் தீர்க்கும் முறைக்கு உலகமெங்கும் அல்கோரிதம் என்று பெயர். அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர். 9 ஆம் நூற்றாண்டில் கலீபா மஃமூன் ஆட்சியில் பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரே லத்தீன் மொழியில் திரிந்து அவ்வாறாயிற்று. அவர் எழுதிய அல்ஜப்ரு நூல் வெறும் ஏட்டுப் படிப்புக்காக எழுதப்பட்டதன்று. வாரிசுச் சொத்தைப் பங்கிடவும், வழக்குத் தீர்க்கவும், நிலம் அளக்கவும், கொடுக்கல் வாங்கலுக்கும் மக்களுக்குத் தேவையான கணக்கு இது என்றே அவர் அதைச் செய்தார். நிரல் எழுதும் கலை வியாபாரிக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் கல்லாப்பெட்டியிலிருந்தே ஓர் உதாரணம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் பில்லின் கூட்டுத்தொகையை 5 சென்னுக்குச் சரிசெய்து வருகிறோம். கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் கீழே இறக்கி 0. 3 அல்லது 4 என்றால் மேலே ஏற்றி 5. 6 அல்லது 7 என்றால் கீழே 5. 8 அல்லது 9 என்றால் மேலே 10. இதை நிரலாக எழுதச் சொன்னால் முதலாண்டு மாணவனும் எழுதிவிடுவான். ஆனால் எந்த இடத்திலே சரிசெய்வது? ஒருவர் மூன்று பொருள் வாங்குகிறார். ஒவ்வொன்றும் 1 வெள்ளி 2 சென். அறியாதவன் எழுதிய நிரல் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே 1 வெள்ளியாக இறக்கி, மொத்தம் 3 வெள்ளி என்று காட்டும். அறிந்தவன் எழுதியது முதலில் கூட்டி, 3 வெள்ளி 6 சென் என்று கண்டு, பிறகு 3 வெள்ளி 5 சென் என்று சரிசெய்யும். அட்டையில் செலுத்தினால் சரிசெய்யாமல் 3 வெள்ளி 6 சென்னையே எடுக்கும். ஒரு பில்லுக்கு 5 சென் வித்தியாசம். நாளொன்றுக்கு இத்தகைய பில் 200 போட்டால் 10 வெள்ளி. மாதத்துக்கு 300 வெள்ளி. விலைகள் வேறுவிதமாக அமைந்தால் அந்தப் பணம் வாடிக்கைக்காரர் பையிலிருந்து அநியாயமாக வரும். அது இன்னும் மோசம். இந்தத் தவறு எந்த மொழியில் எழுதினாலும் வரும். தாளில் உள்ள மொழிப் பெயர்கள் இதைத் தடுக்கமாட்டா.

மற்றொன்று பாருங்கள். 2015 ஏப்ரல் 1 ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அமுலுக்கு வந்தது. 2018 ஜூன் 1 ஆம் நாள் அதே வரி பூஜ்யமாக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. மூன்றரை ஆண்டுக்குள் கடை நிரல்களை மூன்று தடவை மாற்றவேண்டி நேர்ந்தது. 6 என்ற எண்ணை நிரலின் ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளும்படி செய்திருந்தால் மாற்றம் ஐந்து நிமிஷ வேலை. நூறு இடத்தில் 6, 6 என்று தெளித்து வைத்திருந்தால்? அதிலே எது வரி, எது ஆறு டஜன் சோப்பு என்று தேடுவதற்குள் விடிந்துவிடும். நல்ல நிரலாளன் மாறக்கூடியதை முன்னமே தனியே பிரித்து வைப்பான். மின் விலைப்பட்டியல் முறையும் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்து வருகிறபடியால், இந்த முன்யோசனை இல்லாத நிரலை இனி எந்தக் கடையும் வைத்துக் கட்டுப்படியாகாது.

சரி, திறமை என்பது மொழிப் பெயர்களில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? இதைச் சொல்ல நம் சமூகத்திலேயே ஒருவரின் வேலையை எடுத்துக்கொள்ளலாம். தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் நம் வாசகர் பலருக்குத் தெரிந்த ஊர். அவ்வூரில் 1953 இல் பிறந்தவர் மர்ஹூம் உமர் தம்பி. மின்னணுச் சாதனங்களில் தொடங்கிக் கணினிக்கு வந்தவர். பலரையும் போல வளைகுடாவுக்குப் போய்த் துபாயில் பணிசெய்து ஊர் திரும்பியவர். 2006 ஜூலை 12 ஆம் நாள் காலமானார். 53 வயதுதான்.

அவர் செய்த வேலையின் அருமை தெரிய, அதற்கு முன் இருந்த அவஸ்தை தெரியவேண்டும். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். ஆக 247 எழுத்துக்கள். கணினியோ எண்களை மட்டும் அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஓர் ஒப்பந்தம் வேண்டும். 1990 களில் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு எண் வரிசை வைத்திருந்தது. ஒருவர் எழுதியனுப்பியதை மற்றவர் திறந்தால் பூச்சி ஊர்ந்ததுபோல் ஏதோ தெரியும். மளிகைக் கடையொன்றில் கிலோ, பக்கத்துக் கடையில் கட்டி, அடுத்த கடையில் ராத்தல் என்று இருந்தால் சந்தை எப்படி நடக்கும்? அப்படித்தான் இருந்தது.

யூனிகோட் என்ற உலகப் பொது ஒப்பந்தத்தில் 1991 இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் இடம் ஒதுக்கினால் கடை திறந்தாயிற்றா? அந்த ஒப்பந்தத்தில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. 'க' என்பதற்கு ஓர் எண், ஒகரக் குறிக்கு ஓர் எண். 'கொக்கு' என்று எழுத, கணினி முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போதோ குறியை இரண்டாகப் பிளந்து, பாதியைக் ககரத்துக்கு முன்னும் பாதியைப் பின்னும் வைக்க வேண்டும். 'கெ' என்பதில் வாய் பின்னால் சொல்லும் ஒலியைக் கை முன்னால் எழுதுகிறது. பிள்ளைகள் பள்ளியில் எழுதப் பழகும்போது நாம் யோசிக்காத இந்த விந்தையைக் கணினிக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பழைய கணினிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. தமிழ் எழுத்துருவும் இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனமே விண்டோஸ் 2000 என்ற வெளியீட்டில்தான் யூனிகோட் தமிழைக் கொண்டுவந்தது.

இந்த இடைவெளியில்தான் உமர் தம்பி கைவைத்தார். தேனீ என்று ஓர் எழுத்துருவை அவர் செய்தார். அது இயங்கு எழுத்துரு. அதாவது வாசகர் தம் கணினியில் எதையும் நிறுவவேண்டியதில்லை. இணையப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் அதோடு தானே இறங்கிவந்து தமிழைக் காட்டும். அன்றியும், ஆங்கில விசைப்பலகையில் ஒலியின்படி தட்டினால் தமிழாக மாற்றித் தரும் எழுதியையும், பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடாக மாற்றித் தரும் கருவியையும் செய்தார். யூனிகோட் என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு விளங்கும்படி கட்டுரைகளும் எழுதினார். எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்தார். இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் கருவியைத்தான் பார்த்தார்கள். 2010 இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டினார்கள்.

இவர் தனியொருவரல்லர். நம் மலேசியாவிலேயே முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு என்ற தமிழ்ச் செயலியை வளர்த்து வந்தார். 2005 இல் கைப்பேசியில் தமிழ் அனுப்பச் செல்லினம் என்பதைக் கொண்டுவந்தார். ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி என்ற தமிழ் எழுத்துரு அவர் கைவேலை. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995 இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். இம்மூவரில் கோவிந்தசாமி மொழிக்காரர். உமர் தம்பி மின்னணுக்காரர். வந்த வழி வேறு வேறு. ஆனால் எங்கே ஜனங்களுக்கு வலிக்கிறது என்று முதலில் பார்த்தார்கள். பிறகே கருவியைத் தேடினார்கள். இதுதான் நாம் வருகிறவனிடம் தேடவேண்டிய குணம். "உன் தாளில் உள்ள வேலையை யார் உபயோகித்தார்? அவருக்கு முன்பு என்ன கஷ்டம் இருந்தது?" என்று கேட்டால், வேலை செய்தவன் உடனே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவான். பார்த்து நகலெடுத்தவன் மறுபடியும் மொழிப் பெயர்களையே சொல்லுவான்.

இப்பொழுது அந்தப் பொம்மை வண்டிக்கு வருவோம். அதை இகழவேண்டாம். மாணவர்கள் செய்யும் சாதாரண ரோபோ வண்டி தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும். வண்டியின் அடியில் ஒளியைப் பார்க்கும் இரண்டு மின்கண்கள், கோட்டுக்கு இருபுறமும் இருக்கும். இடது கண்ணில் கறுப்புத் தெரிந்தால் வண்டி வலப்புறம் விலகிவிட்டது என்று அர்த்தம். இடது சக்கரத்தை நிறுத்தி வலது சக்கரத்தை ஓட்டினால் இடப்புறம் திரும்பும். வலது கண்ணுக்கு இதற்கு நேர்மாறு. நிரல் நாலைந்து வரிதான். வீட்டில் நன்றாக ஓடும். போட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே விளக்கு வெளிச்சம் வேறு, தரையில் தூசி, மின்கலம் இறங்கிவிட்டது, ஒரு சக்கரம் மற்றதைவிட மெதுவாகச் சுற்றுகிறது. வண்டி சுவரில் போய் முட்டும். இந்தத் தலைகுனிவைப் பட்டுத் திருத்தியவன், ஏட்டில் சரியாக இருப்பது நடப்பில் சரியாக இராது என்று தெரிந்தவன். 2002 முதல் ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் ரோபோப் போட்டி 2006 இல் கோலாலம்பூரில் நடந்தது. அத்தகைய போட்டிகளில் கலந்தவனிடம் பரிசு வாங்கினாயா என்று கேட்பதைவிட, வண்டி எங்கே நின்றுபோயிற்று, அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்பது நல்லது.

கடையும் அப்படிப்பட்ட இடந்தானே! தராசு கணினியோடு இணைந்திருக்கிறது. மீன்தண்ணீர் பட்ட பட்டைக் குறியீட்டை மின்கண் படிக்க மறுக்கிறது. பில் அச்சிடும்போது மின்சாரம் போய்விடுகிறது; பணம் வாங்கியாயிற்றா இல்லையா என்று கணினிக்குத் தெரியவில்லை. ரோபோவோடு மல்லுக்கட்டியவன் இதையெல்லாம் நாம் சொல்லாமலே கேட்பான்.

பல்லூடக வேலை என்பது எழுத்து, ஒலி, படம் மூன்றையும் ஒன்றாக இணைத்துச் செய்வது. அதைச் செய்தவனிடம் நமக்கு ஒரு லாபம் உண்டு. நம் கடைகளில் வேலை செய்கிறவர்களில் சிலர் தமிழோ மலாயோ வாசிக்க அறியாத வெளிநாட்டுச் சகோதரர்கள். பொருளின் படத்தைத் தொட்டால் விலை வருமாறும், தவறினால் ஒலி எழுப்புமாறும் செய்து கொடுத்தால் அவர்களும் கல்லாவில் நிற்கலாம். மற்றபடி மின்னுவதும் சுழலுவதும் கடைக்குத் தேவையில்லை.

ரோபோவையும் இசையையும் ஒன்றாக்கிய ஆதி மனிதர்களில் ஒருவரைச் சொல்லாமல் இப்பாடத்தை விட மனமில்லை. தியார்பகிர் நகரில் அர்துகீ அரசர்களிடம் பணிபுரிந்த அல்-ஜஸரீ 1206 இல் யந்திரங்களைப் பற்றி ஒரு நூல் முடித்தார். 50 சாதனங்கள் அதிலே விளக்கப்பட்டுள்ளன. கைகழுவத் தண்ணீர் ஊற்றும் பொம்மை, நேரம் காட்டும் யானை, படகில் அமர்ந்து வாத்தியம் வாசிக்கும் பதுமைகள் எல்லாம் உண்டு. படகில் சுழலும் உருளையொன்றில் முளைகள் செருகப்பட்டிருக்கும். அவை நெம்புகோலைத் தட்டத் தட்டப் பதுமை மேளம் கொட்டும். முளையின் இடத்தை மாற்றினால் தாளமும் மாறும் என்பதால், நிரலின் பாட்டனார் என்று இதைச் சொல்லுவோர் உண்டு. எனக்கோ பதுமையைவிட அந்த நூலின் மேலேதான் அதிக மதிப்பு. கைவினைஞன் ஒருவன் படித்துச் செய்யும்படி, உறுப்பு உறுப்பாகப் படம் போட்டு, எதை எப்படிப் பொருத்துவது என்று எழுதிவைத்தார். அதன் பயனாக அவருடைய பெரிய நீர்க்கடிகாரத்தை 1976 இல் லண்டனில் மறுபடியும் செய்து ஓட்ட முடிந்தது. 770 ஆண்டுக்குப் பிறகு!

நம் கடையில் நிரல் எழுதியவன் சிங்கப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் ஆறு மாதத்தில் நிலை என்னவாகும்? இதுவே வர்த்தகர்கள் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி. கணக்கப்பிள்ளை போய்விட்டாலும் பேரேடு இருக்கிறது. அடுத்தவர் வந்து புரட்டிப் படித்துக்கொள்ளுவார். நிரலுக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. மூல நிரல் என்பார்கள். அதையும், எது எங்கே இருக்கிறது என்ற விளக்கத்தையும் நம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தயங்குகிறவனைப் பற்றிச் சந்தேகிக்க இடமுண்டு. "முன்பு செய்த வேலையின் மூல நிரலை வேறொருவர் எடுத்துத் தொடர்ந்தாரா?" என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால் அதற்குத் தனி மதிப்புக் கொடுக்கலாம்.

கூலி விஷயத்தில் ஒரு வார்த்தை. உமர் தம்பி இலவசமாகக் கொடுத்தாரே என்று நம் வாசலுக்கு வரும் பிள்ளையிடம் பேரம் பேசுவது முறையன்று. அவர் கொடுத்தது மொழிக்கு. இவன் கொடுப்பது நம் லாபத்துக்கு. அதுவும் "நம்ம பையன்தானே" என்று சொல்லிப் பாதிக் கூலிக்கு இழுக்கிற வழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம். நாம் அப்படி இழுத்தால் அவன் கோலாலம்பூருக்குப் போய்விடுவான். தோட்டத்துப் பிள்ளை படித்துத் திரும்பி வந்த பலன் ஊருக்கு இல்லாமற் போகும்.

ஆகவே ஒரு மாதக் கூலி பேசிச் சிறிய வேலையொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். பற்று ஏட்டை மட்டும் கணினியில் ஏற்றச் சொல்லலாம். அந்த மாதம் முழுவதும் பழைய ஏட்டையும் கைவிடாமல் எழுதிவாருங்கள். மாதக் கடைசியில் இரண்டு தொகையையும் ஒத்துப்பாருங்கள். கணக்கு ஒத்திருந்தால் பெரிய வேலைக்குத் தொகை பேசி, மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, கடையில் ஓடத் தொடங்கியதும் ஒன்று, முதல் சரக்கிருப்புக் கணக்கெடுப்பு ஒத்துவந்து மூல நிரல் கைக்கு வந்த பிறகு ஒன்று. ரகசியச் சொற்களைக் கடைப்பையனிடமோ நிரலாளனிடமோ விடாமல், ஒரு தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் கடைச் சாவியோடு வையுங்கள்.